கால அட்டவணையில் கணினிக்கான இடம்

கிராமப்புறப் பள்ளிகளில் கணினிவழிக் கற்றல் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் கருவிகளின் எண்ணிக்கையில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொண்டு 1984-85இல் நடுவண் அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டம் முதல், 2004 டிசம்பரில் உயர்நிலைப் பள்ளிகளுக்காக வந்த தகவல் தொடர்புத் தொழில்நுட்பத் திட்டம், இன்றைய உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வரை, எத்தனை பள்ளிகளுக்கு எத்தனை இயந்திரங்கள் சென்று சேர்ந்தன என்பதே வெற்றியின் அளவுகோலாகக் காட்டப்பட்டு வந்திருக்கிறது. அந்த இயந்திரங்கள் வாரத்தின் எந்தப் பாடவேளையை எடுத்துக்கொண்டன, அப்பாடவேளையில் அதற்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது என்னும் கேள்வி அரிதாகவே எழுப்பப்பட்டது. கற்றல் விளைவைத் தீர்மானிப்பதில் இக்கேள்விக்குப் பெரும் பங்குண்டு என்பதற்கு இந்தியாவிலேயே சான்றுகள் உள்ளன.

கணினியைப் பற்றிக் கற்பது வேறு, கணினிவழிக் கற்பது வேறு. பின்னது, கணக்கையோ மொழியையோ மாணவர் தம் நிலைக்கேற்ற பயிற்சிகளாக மென்பொருளில் செய்து, விடை சரியா தவறா என்பதை உடனுக்குடன் அறிந்து, அடுத்த படிக்குத் தம் வேகத்தில் நகர்வதாகும். வடோதரா நகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்குக் குஜராத் அரசு பள்ளிக்கு நான்கு கணினிகள் வீதம் வழங்கியிருந்தும் அவை பெரும்பாலும் பயன்படாமல் கிடந்த நிலையில், பிரதம் தொண்டு நிறுவனம் நான்காம் வகுப்பு மாணவர்களை இருவருக்கு ஒரு கணினியாக அமர்த்தி, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கணக்குப் பயிற்சி அளித்தது. அவற்றுள் ஒரு மணி நேரம் பள்ளி நேரத்துக்கு வெளியே அமைந்தது. பானர்ஜி, கோல், டுஃப்லோ, லிண்டன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, கணக்கில் முதலாண்டு 0.35, இரண்டாமாண்டு 0.47 திட்ட விலக்கம் அளவுக்கு முன்னேற்றம் காணப்பட்டது. திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவு. நூறு பேரில் ஐம்பதாம் இடத்தில் நிற்கும் மாணவர் 0.35 அளவு உயர்ந்தால் ஏறத்தாழ முப்பத்தாறாம் இடத்துக்கு முன்னேறுவார் என்று கொள்ளலாம். எனினும் திட்டம் நின்ற ஓராண்டுக்குப் பின் அந்த முன்னேற்றம் 0.10 அளவுக்குச் சுருங்கிவிட்டது என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது. திட்டங்களை முன்மொழிவோர் இந்த இரண்டாம் பாதியை மேற்கோள் காட்டுவது குறைவு.

குஜராத்தில் ஞான் சாலா நிறுவனத்தின் பள்ளிகளில் லிண்டன் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டிலும் கூர்மையானது. ஒரே வகை மென்பொருள், வகுப்பு நேரத்தில் ஆசிரியரின் கற்பித்தலுக்கு மாற்றாகப் புகுந்த பள்ளிகளில் மாணவரின் மதிப்பெண் 0.57 திட்ட விலக்கம் குறைந்தது. வகுப்புக்கு வெளியே துணைப்பயிற்சியாக நடந்த பள்ளிகளில் 0.28 கூடியது. அப்பள்ளிகளில் ஏற்கெனவே ஒழுங்காகத் திட்டமிட்ட கற்பித்தல் நடந்துவந்ததால், கணினி எடுத்துக்கொண்ட ஒவ்வொரு மணியும் நல்லதொரு வகுப்பின் இழப்பாயிற்று. பெருவில் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில், குழந்தைக்கொரு மடிக்கணினித் திட்டத்தின் விளைவைச் சீரற்ற தேர்வு முறையில் ஆராய்ந்தபோது, கருவிகள் தாராளமாகக் கிடைத்தும் கணக்கிலும் மொழியிலும் மாற்றம் ஏதும் தென்படவில்லை. கருவி வந்தது, ஆனால் அதைக் கொண்டு எந்த நேரத்தில் எதைக் கற்பிப்பது என்னும் ஏற்பாடு வரவில்லை.

தமிழ்நாட்டுக் கிராமத் தொடக்கப் பள்ளிகளை நோக்கினால் இக்கேள்வி வேறொரு வடிவம் பெறுகிறது. ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் நடத்தும் ஈராசிரியர் பள்ளிகளில், ஓர் ஆசிரியர் ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும் வேளையில் அதே அறையின் மற்றொரு வகுப்பு எழுத்து வேலையிலோ வெறுமனேயோ இருப்பது தவிர்க்க முடியாதது. அங்கே கணினி இடம்பெயர்க்கப் போவது ஆசிரியரின் கற்பித்தலை அன்று, ஆசிரியர் இல்லாத அந்த இடைவேளையையே. அட்டைகளையும் கற்றல் ஏணியையும் கொண்டு குழந்தை தன் வேகத்தில் முன்னேற வழிசெய்த செயல்வழிக் கற்றல் முறை, 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியபோது, கணினிவழிக் கற்றலின் அடிப்படைக் கருத்தை மின்சாரமின்றியே அப்பள்ளிகளுக்கு அறிமுகப்படுத்திவிட்டது. ஆயினும் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் முதலில் சென்றது பொதுத்தேர்வின் பிடியில் கால அட்டவணை இறுகிய உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கே. தொடக்கப் பள்ளிகளுக்கு அண்மையில் வரத் தொடங்கியிருக்கும் திறன்மிகு வகுப்பறையோ, ஒரே திரையை வகுப்பு முழுவதும் நோக்கும் ஏற்பாடு. அதை இயக்க ஆசிரியர் அருகில் நிற்க வேண்டும் என்பதால், ஈராசிரியர் பள்ளியின் சிக்கலை அது தொடுவதே இல்லை. மலிவான சில கைக்கணினிகள் இங்கே பெரிய திரையைவிடப் பயன்தரும் என்பதே இவ்விதழின் கருத்து.

மின்சாரம், இணையம் ஆகியவை பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. இணையம் இல்லாத இடங்களில், பாடங்களை ஒரு சிறு கணினியில் சேமித்து அறைக்குள்ளேயே வைஃபை வழியாகப் பகிரும் கோலிப்ரி போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. இத்தடை முன்போல் கடுமையானதன்று. கடுமையானது பராமரிப்பே. தடையிலா மின்வழங்கியின் பேட்டரி சில ஆண்டுகளில் வலுவிழக்கும்போது உத்தரவாதக் காலமும் முடிந்திருக்கிறது. புதிய பேட்டரிக்கான தொகை எந்தத் தலைப்பின்கீழ் வரும் என்பது தலைமையாசிரியருக்குத் தெரிவதில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் காணாமற் போனாலோ பழுதானாலோ தணிக்கையில் விடை கூற வேண்டியவர் அவரே என்னும்போது, அறையைப் பூட்டிவைப்பது அலட்சியமன்று, நியாயமான தற்காப்பு. பூட்டைத் திறக்க அஞ்ச வேண்டாத விதிமுறை ஒன்றை, அதாவது மாணவர் பயன்பாட்டில் நேரும் தேய்மானத்தை ஆசிரியர் மேல் சுமத்தாத ஆணை ஒன்றை, துறை பிறப்பிக்குமானால் அதற்குச் செலவு ஏதுமில்லை.

உள்ளடக்கமும் தேய்கிறது என்பது பலர் எதிர்பாராதது. ஒரு தலைமுறைக் கணினிப் பாடங்கள் ஃபிளாஷ் என்னும் அசைவூட்ட நுட்பத்தில் உருவாயின. 2020 இறுதியில் அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்தியதும், குறுந்தகடுகளில் இருந்த பாடங்களில் பல கெடாமலே பயனற்றுப்போயின. பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியீடுகளில் தட்டச்சிட்ட தமிழ்ப் பாடங்களும், யூனிகோடுக்கு மாற்றப்படாவிடில், எளிதில் தேடவோ திருத்தவோ இயலாதவை. பொதுப்பணத்தில் உருவாகும் பாடங்களின் மூலக் கோப்புகள் திறந்த வடிவத்தில் துறையிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்ற ஒரு வரி ஒப்பந்தங்களில் இல்லாததன் விலை இது.

பராமரிப்பில் கேரளம் காட்டிய வழி கவனத்துக்குரியது. 2001இல் தொடங்கி 2017இல் ‘கைட்’ நிறுவனமாக மாறிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், பள்ளிதோறும் ஆசிரியர் ஒருவரையே ஒருங்கிணைப்பாளராக்கி, எல்லாப் பள்ளிகளிலும் குனு லினக்ஸ் சார்ந்த ஒரே இயங்குதளத்தை நிறுவியது. 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்களையும் அமைத்தது. ஒரே இயங்குதளம் என்பதால் ஒரு பள்ளியில் கண்ட பழுதின் தீர்வு அடுத்த பள்ளிக்கும் பொருந்தும். உரிமக் கட்டணமும் இல்லை. ஆனால், வாரத்தில் சில பாடவேளைகள் குறைக்கப்படாமல் இப்பொறுப்பு ஓர் ஆசிரியர்மேல் ஏற்றப்பட்டால், அது எமிஸ் என்னும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தின் பதிவுகளைப் போல இன்னொரு சுமையாகவே முடியும்.

ஈராசிரியர் பள்ளிகளில் கணினிவழிக் கற்றல் எந்த இடைவேளையை நிரப்புகிறது என்பதைக் குறித்த களப்பதிவுகளை இவ்விதழ் வரவேற்கிறது. கணினி பயன்பட்ட நேரம், அந்நேரத்தில் ஆசிரியர் எந்த வகுப்பில் இருந்தார், முன்பு அந்நேரத்தில் மாணவர் என்ன செய்துகொண்டிருந்தனர், பழுது நேர்ந்தால் அதைச் சரிசெய்ய எத்தனை நாளாயிற்று ஆகிய விவரங்கள் ஒரு பருவத்துக்கேனும் தொடர்ச்சியாக இருத்தல் வேண்டும். பயன்படாத நாள்களின் பதிவும் அதே அளவு தேவை.