படியெடுப்பவன் கள்வனா?

மாத்தளை மாவட்டத்து லக்கலப் பகுதியிலே பல்லேகம என்னும் பழைய நகர் இன்று இல்லை. 2018ஆம் ஆண்டிலே களுகங்கை நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பப்பட்டபோது அது நீருள் மறைந்தது. நக்கிள்ஸ் மலைச்சாரலில் தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்ந்த குடும்பங்கள் வேறிடங்களிற் குடியேற்றப்பட்டன. மூழ்கும் ஊரிலிருந்து வயலைப் பெயர்த்துச் செல்ல எவராலும் இயலாது. விதையைக் கொண்டு செல்லலாம். ஒரு பிடி விதை ஒரு வயலின் பிரதியாகும். காணி உறுதியின் பிரதியும், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தின் பிரதியும் அத்தகையனவே. அசல் அழிந்தவிடத்தும் பிரதி எஞ்சினால் வாழ்வு தொடரும்.

தமிழ் மக்களுக்கு இவ்வுண்மையைப் பிறர் வந்து போதிக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்புக்கு அத்தாட்சி கேட்டபோது, காட்டுதற்குக் காகிதமில்லாத மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவராயினர். அச்சட்டத்தின் நோக்கமே அநீதியானது. காகிதமின்மை அந்த அநீதிக்கு நல்ல கருவியாக வாய்த்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்திற் பிரதியுள்ள நூலை மீண்டும் பெறலாம். பிரதியில்லாத சுவடி போனது போனதே. 2005இல் தொண்டர் சிலர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூல்நிலையம், ஈழத்துப் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் மின்பிரதிகளாக்கி எவரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கின்றது. எரித்த கைகளுக்கு அளிக்கத்தக்க விடை இதனினும் வேறுண்டோ?

ஆயினும் பிரதி என்றவுடனே ‘களவு’ என்று கூவுவோர் ஒருபுறம். ‘எல்லாரும் செய்கின்றார்கள், நமக்கென்ன?’ என்று கைபேசி வழியே பிறர் உழைப்பை வாரி வழங்குவோர் மறுபுறம். இரு சாராரும் தவறுகின்றனர். நேற்று வெளிவந்த நூலை இன்று ஊரெங்கும் இலவசமாகப் பரப்புவது எழுதியவனின் வயிற்றில் அடிப்பதாகும். அதற்கு நாம் ஒருகாலும் பரிந்து பேசோம். ஆனால், எழுதியவன் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்து, பதிப்பகமும் மூடப்பட்டு, உரியவர் யாரென்றே தெரியாத நூலைக் கறையானிடமிருந்து மீட்பது களவாகாது. இரண்டுக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அக்கோட்டை வரைபவர் யார் என்பதே வினா.

நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆசிரியர் மறைந்தபின் 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமையை நீட்டி வைத்திருக்கின்றது. இவ்வளவு நீண்ட காலம் யாருக்காக? அமெரிக்காவின் கதை இதற்கு விடை கூறும். அங்கே 1998இல் பதிப்புரிமைக் காலம் மேலும் 20 ஆண்டுகள் கூட்டப்பட்டது. அதற்காக முன்னின்று ஆதரவு திரட்டியவற்றுள் டிஸ்னி கம்பெனியும் ஒன்று. மிக்கி எலி தோன்றிய 1928ஆம் ஆண்டுப் படம் அதன் பயனாக 2024 ஜனவரி முதலாந் திகதி வரையில் பொதுவுடைமை ஆகவில்லை. ஏழை எழுத்தாளனின் பிள்ளைகளுடைய பெயரைச் சொல்லிப் பெருங் கம்பெனிகள் தமது களஞ்சியத்துக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டன!

இது படித்தவர் வீட்டுப் பிரச்சினை என்று விவசாயி ஒதுங்கி நிற்கலாகாது. நமது வயல்களிற் பெரும்பாலானவற்றில் இன்று விளைவன பத்தலகொட அரசாங்க நெல் ஆராய்ச்சி நிலையத்திற் பிறந்த பி.ஜி. இனங்களே. பொதுப்பணத்தில் உருவான அவ்விதையை உழவன் எடுத்து வைக்கின்றான், அயலானுக்குக் கொடுக்கின்றான். அதற்காக அவனை எவரும் நீதிமன்றத்துக்கு இழுத்ததில்லை. தனியார் கம்பெனியின் விதையாயின் நிலைமை வேறு. 2019இல் இந்தியாவின் குஜராத் மாநிலத்திலே, தனது உருளைக்கிழங்கு இனத்தை அனுமதியின்றிப் பயிரிட்டதாகக் கூறி, நான்கு விவசாயிகள் மீது தலைக்கு ஒரு கோடி ரூபாவுக்கு மேல் நட்டஈடு கேட்டு பெப்சிக்கோ கம்பெனி வழக்குத் தொடுத்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்ததும் அவ்வாண்டு மே மாதத்திலேயே வழக்கை மீளப் பெற்றது. உழவர்க்குத் துணை நின்றது மக்கள் குரல் மட்டுமன்று. வர்த்தகப் பெயர் சூட்டாதவரை விளைந்த விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றவும், விற்கவும் விவசாயிக்கு உரிமையுண்டு என்று இந்தியாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு எழுதி வைத்திருந்தது. அக்கிழங்கினத்தின் பதிவு 2021இல் இரத்துச் செய்யப்பட்டது. 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த இரத்தை நீக்கியது. பதிவு எவ்வாறு ஆடினும் 39ஆம் பிரிவு ஆடவில்லை.

பயிரினங்களுக்குக் காப்பு அளிக்க வேண்டும் என்பது 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக நிறுவன ஒப்பந்தத்தின் கட்டளை. எவ்வகையிற் காப்பு அளிப்பது என்பதை நாடுகளே வகுத்துக் கொள்ளலாம். இந்தியா உழவனை மறவாது வகுத்தது. இலங்கையும் அவ்வாறே வகுத்தல் வேண்டும்.

விதையோடும் இது நிற்கவில்லை. இன்றைய உழவு இயந்திரத்தின் உள்ளே இருப்பது இரும்பு மட்டுமன்று. கணினி மென்பொருளும் இருக்கின்றது. அமெரிக்காவிலே, தம் பணங் கொடுத்து வாங்கிய ஜோன் டியர் இயந்திரத்தைத் தாமே பழுதுபார்க்க இயலாது விவசாயிகள் தவித்தனர். கொலராடோ மாநிலம் 2023இல் விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. வாங்கியவன் திறக்க முடியாத பொருள் அவனுக்குச் சொந்தமாகுமா?

இனி, அரசியலுக்கு வருவோம். சட்டங்கள் வானத்திலிருந்து வீழ்வனவல்ல. தேர்தற் செலவுக்குப் பணங் கொடுத்தவர், சட்டம் எழுதும் வேளையிலே வாசலில் வந்து நிற்பது இயல்பு. இந்தியாவில் 2018 முதல் கம்பெனிகள் பெயர் மறைத்துக் கட்சிகளுக்குப் பணம் வழங்கத் தேர்தற் பத்திரங்கள் வழி செய்தன. 2024 பெப்ரவரி 15ஆந் திகதி உச்ச நீதிமன்றம் அத்திட்டம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தள்ளியது. நமது நாட்டிலும் 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தற் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டம் வந்திருக்கின்றது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்று செலவின் உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. இதனை வரவேற்கிறோம். ஆனால், வேட்பாளர் கணக்குக் காட்டுவது தேர்தல் முடிவு வெளியாகி 21 நாட்களுள். வாக்களித்தபின் வருங் கணக்கு, வாக்களிக்கப் போகிறவனுக்கு எவ்வாறு உதவும்? மாடு ஓடியபின் தொழுவத்தைப் பூட்டும் வேலையன்றோ இது?

ஆகவே நாம் நான்கு காரியங்களை வற்புறுத்துகின்றோம். பயிரினக் காப்புச் சட்டம் எப்பொழுது வரினும், விளைந்த விதையைச் சேமித்து மாற்றிக்கொள்ளும் உரிமை அதில் ஐயமற எழுதப்படல் வேண்டும். அச்சில் இல்லாத, உரியவர் அறியப்படாத நூல்களை இலாப நோக்கற்ற நூல்நிலையங்கள் பிரதி செய்து மக்களுக்கு வழங்க இடமளித்தல் வேண்டும். வாங்கிய இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் உரிமை வாங்கியவனுக்கு வேண்டும். வேட்பாளருக்குப் பணங் கொடுத்தவர் யார் என்பது வாக்களிப்புக்கு முன்னரே வெளியிடப்படல் வேண்டும்.

சட்டத்தரணிகளும், ஆசிரியர்களும், பொறியியலாளரும் இவற்றை வரைந்து கொடுக்கட்டும். விவசாயிகள் தங்கள் கமக்காரர் அமைப்புகளிலே தீர்மானமாக நிறைவேற்றி, வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் கையொப்பம் கேட்கட்டும். நாம் வாளாவிருப்போமாயின், விதைக்கும் நூலுக்கும் விலை குறிப்பவர்கள் நமது பிரதிநிதிகளுக்கும் விலை குறித்துவிடுவார்கள்.