டர்பனில் இரண்டு பலகைகள்

டர்பன் போய் வந்தேன் என்றதும் கிளாஸில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "பன்னி சௌ சாப்பிட்டியா?" சாப்பிட்டேன் மக்களே. பாதி பிரெட்டைக் குடைந்து அதற்குள் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். காரம் நம்ம ஊரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அந்தக் கதை இன்னொரு நாள்.

சித்தப்பா அங்கே வேலை பார்க்கிறார், செமஸ்டர் லீவில் போயிருந்தேன். நம்ம ஆட்கள் தென்னாப்பிரிக்கா போனால் கோயில், மசாலா மார்க்கெட், காந்தி இருந்த ஃபீனிக்ஸ் குடியிருப்பு என்று சுற்றிவிட்டு, கடலுக்கு முதுகு காட்டி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது கடலைத்தான். அதுவும் விடியற்காலையில்.

பாண்டிச்சேரியின் பழைய பாலம் மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டு பல பாலங்கள். அவற்றை ஒட்டி அடியில் மணல் சேர்ந்து திட்டாகிறது. அலை அதில் தட்டித்தான் அழகாக மடங்கி உடைகிறது. பையன்கள் சர்ஃப் பலகையோடு பாலத்தின் நுனி வரை நடந்து போய், தொப்பென்று குதிக்கிறார்கள். நாம் டீக்கடைக்குப் போகிற மாதிரி, வேலைக்குப் போகும் முன் அலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சுறா பயத்துக்கு 1952-லிருந்தே வலை போட்டிருக்கிறார்கள்.

நானும் வாடகைக்குப் பலகை எடுத்தேன். ஸ்டைலாக எழுந்து நின்றேன் என்று எழுத ஆசைதான். இடுப்பளவுத் தண்ணீரில் முழங்காலில் ரெண்டு செகண்ட், அவ்வளவே. மிச்சமெல்லாம் மூக்கு வழியாக உப்புத்தண்ணி.

கரையில் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார் சித்தப்பாவின் பக்கத்து வீட்டுத் தாத்தா. முன்னோர் தமிழர்கள், ஆனால் அவர் பேசுவது இங்கிலீஷ் மட்டும். "நீங்களும் வாங்க தாத்தா" என்றேன். உன் வயதில் இந்த மணலில் எனக்கு இடம் கிடையாது, பலகை வைத்திருந்தார்கள் என்றார். சர்ஃப் பலகை இல்லை. அறிவிப்புப் பலகை.

1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் 342 பேர் இதே ஊரில் கரும்புத் தோட்ட வேலைக்கு இறங்கினார்கள். கடல் தாண்டி வந்த அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குக் கடலில் கால் நனைக்கவே இடம் பிரித்தார்கள். 1953-ல் பொது இடங்களை நிறவாரியாகப் பிரிக்கும் சட்டம் வந்தது, கடற்கரையும் தப்பவில்லை. நல்ல அலை வரும் இடமெல்லாம் வெள்ளையருக்கு. 1972-ல் ஹவாயின் பெரிய சர்ஃபர் எடி ஐகாவ் போட்டிக்காக டர்பன் வந்தபோது, நிறத்தைப் பார்த்து ஹோட்டலில் ரூம் தரவில்லை. உள்ளூர் வீரர் ஷான் டாம்சனின் குடும்பம்தான் வீட்டில் தங்க வைத்தது. அந்த டாம்சன் 1977-ல் உலக சாம்பியன். அவர் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தண்ணீரில் இறங்கவே விடாத பிள்ளைகளில் எத்தனை டாம்சன்கள் இருந்தார்களோ! கடற்கரைகள் எல்லாருக்கும் திறந்தது 1989 நவம்பரில். கப்பல் வந்து 129 வருஷம் கழித்து.

பொதுப் பண்டம் என்றால் யாரையும் விலக்க முடியாதது என்று எகனாமிக்ஸில் மனப்பாடம் செய்து எழுதினேனே, மார்க்கும் வாங்கினேனே! ஒரு பலகை போதும், விலக்கிவிடலாம்.

இப்போது பலகை இல்லை. ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சாக்கடை சுத்திகரிப்பு நிலையங்கள் சேதமாகி, கழிவு கடலில் கலந்து, பல கடற்கரைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. டூரிஸ்ட் வரவில்லை, வியாபாரம் போச்சு என்றுதான் எல்லாரும் கணக்குப் பார்க்கிறார்கள். பி.காம் படிக்கிற நானே சொல்கிறேன், அது சின்னக் கணக்கு. அத்தனை வருஷம் காத்திருந்து வாங்கின கடலை நாறவிட்டதற்கு எந்த லெட்ஜரில் என்ட்ரி போடுவது?

தாத்தா கடைசிவரை தண்ணீரில் இறங்கவில்லை. பழக்கமில்லை என்றார். "நீ கடலூர்க்காரன்தானே, உனக்கு ஏன் நீச்சல் தெரியவில்லை?" என்று திருப்பிக் கேட்டார். சுனாமிக்குப் பிறகு அம்மா என்னைக் கணுக்காலுக்கு மேல் விட்டதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே சப்பென்று இருந்தது.

வந்ததும் நீச்சல் கிளாஸில் பெயர் கொடுத்துவிட்டேன். சனி, ஞாயிறு காலை ஆறு மணி. கூட வருகிறவர்கள் சொல்லுங்கள், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது :)