ஆடி மழையும் ஒரு கிண்ணம் எண்ணெயும்



மலையாள நாட்டில் கர்க்கடகம் என்று சொல்லப்படும் நம்முடைய ஆடி மாதம், எண்ணெய்ச் சிகிச்சைக்கு ஏற்ற காலமாக எண்ணப்படுகிறது. பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. அம்மாதத்தில் வைத்தியசாலைகளில் கர்க்கடகக் கஞ்சிக்குரிய மருந்துகள் விற்பனைக்கு வரும். உழிச்சிலுக்கு வருவோரும் மிகுவர்.

இடுக்கி மலையின் தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் நம் ஜனங்களுக்கோ அதே மாதம் அச்சத்தின் மாதம். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. 70 பேரை இழந்தோம். அவர்களில் நால்வருடைய சரீரங்கள் கிடைக்கவேயில்லை. பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அதன்பின் மழை வலுக்கும் இரவுகளில் கண் மூடாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு. கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் கொச்சியிலும் பிழைக்க வந்துவிட்ட பிள்ளைகளோ, நடுராத்திரியில் ஊரிலிருந்து தொலைபேசி ஒலித்தால் நெஞ்சு படபடக்க எழும்புகிறார்கள்.

கவலை மனதில் மாத்திரம் தங்குகிறதில்லை. பிடரி இறுகுகிறது; தோள்பட்டை கல்லாகிறது; வயிறு கலங்குகிறது; உறக்கம் போய்விடுகிறது. காலை முதல் கொழுந்தெடுத்து மூட்டை சுமக்கிற ஒரு சகோதரிக்கு, எது வேலையால் வந்த வலி, எது வியாகுலத்தால் வந்த வலி என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவள் மருத்துவரிடம் போய்த் தோள்வலி என்றே சொல்லுவாள். பயம் என்று சொல்லமாட்டாள்.

இப்படிப்பட்டவர்களுக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதால் பயன் உண்டா? நம் முன்னோர் உண்டு என்றே எண்ணினார்கள். சித்த மருத்துவம் இதைத் தொக்கணம் என்று அழைத்து, தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல் என்று ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறது. ஆயுர்வேதத்தில் இதற்கு அப்யங்கம் என்று பேர். நெற்றியில் இடைவிடாமல் தைலம் வார்ப்பது தாரா. 1902இல் பி.எஸ். வாரியர் ஆரிய வைத்தியசாலையை நிறுவிய கோட்டக்கல்லில், மனநோய்க்கென்றே ஓர் அரசு ஆயுர்வேத மருத்துவமனையும் இருக்கிறது.

மேல்நாட்டாரும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தீராத பதற்றநோய் உடையவர்களாயிருந்தும் வேறு சிகிச்சை பெறாதிருந்த 47 பேரை, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் இரண்டு பிரிவாக்கி, வாரம் இருமுறை வீதம் ஆறு வாரம் கவனித்தார்கள். ஒரு பிரிவினருக்கு முறைப்படி உடல் பிடித்துவிடப்பட்டது. மற்றவர்கள் மேல் மெல்லக் கை வைத்ததோடு சரி. பிடித்துவிடப்பட்டவர்களுக்கே பதற்றம் அதிகமாகத் தணிந்தது. இந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது.

ஆனால் 2010இல் வெளிவந்த சியாட்டில் நகரத்து ஆய்வு நம்மைச் சற்று நிறுத்தி யோசிக்கவைக்கிறது. அங்கே 68 பேர். ஒரு பிரிவினருக்கு உடல் பிடித்துவிட்டார்கள். இன்னொரு பிரிவினருக்குக் கைகால்களில் இதமான சூடு வைத்தார்கள். மூன்றாம் பிரிவினரை அமைதியான அறையில் மெல்லிய இசையோடு படுத்திருக்கச் செய்தார்கள், அவ்வளவுதான். மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள்!

இதை வாசித்துவிட்டு, உருவிவிடுவது வீண் என்று சிலர் முடிவுகட்டலாம். நான் அப்படி எண்ணவில்லை. ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல், யாருக்கும் பதில் சொல்லாமல், ஒரு மனுஷி படுத்திருக்கும்படி அனுமதிக்கப்படுவதே பாதி மருந்து என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. லயத்தின் ஒற்றை அறையிலும், நகரத்தில் ஐந்துபேர் நெருங்கி வாழும் வாடகை வீட்டிலும் அந்த ஒரு மணி நேரம் எங்கே கிடைக்கிறது? பணமுள்ளவர்கள் தேக்கடிக்கும் மூணாறுக்கும் போய் அதை விலைக்கு வாங்குகிறார்கள். அந்த மலையில் உழைக்கிறவர்களுக்கு அதை வீட்டார்தான் கொடுக்கவேண்டும்.

கொடுப்பது கடினமல்ல. நல்லெண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ ஒரு கிண்ணத்தில் எடுத்து, வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்குங்கள். உச்சந்தலை, பிடரி, தோள், முன்கை, பாதம் ஆகிய இவை போதும். அவசரப்படாதிருங்கள். மெல்லத் தடவுவதை மாத்திரம் உணரும் நரம்புகள் நம் தோலில் உண்டு; விநாடிக்கு மூன்று சென்டிமீட்டர் அளவில் கை நகரும்போது அவை நன்றாய் விழிக்கின்றன. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் போக எட்டு அல்லது பத்து விநாடி என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இருபது நிமிஷம் செய்யலாம். அந்த இருபது நிமிஷத்தில் சீட்டுப் பணத்தையும் பிள்ளையின் மதிப்பெண்ணையும் பேசாதிருப்பது எண்ணெயைவிட முக்கியம்.

மாமியாருக்கு மருமகள் தேய்த்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம். கணவன் மனைவியின் பாதத்தைத் தொடுவது மாத்திரம் ஏனோ குறைவாக எண்ணப்படுகிறது. சீஷருடைய கால்களைக் கழுவினவரைப் பின்பற்றுகிற சகோதரருக்கு இதில் என்ன வெட்கம்? ஜெபித்தால் போதாதா, எண்ணெய் எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. நல்ல சமாரியன் காயத்துக்கு எண்ணெய் வார்த்தான். அவனை யாரும் அவிசுவாசி என்று சொல்லவில்லை.

வெளியே சிகிச்சை பெற விரும்பினால், பாலக்காட்டிலும் தொடுபுழையிலும் அரசு மாவட்ட ஆயுர்வேத மருத்துவமனைகள் உள்ளன. தனியார் நிலையமானால், தகுதியுள்ள மருத்துவர் இருக்கிறாரா, ஆண்களுக்கு ஆண்களும் பெண்களுக்குப் பெண்களும் சிகிச்சை செய்கிறார்களா என்று முதலாவது விசாரியுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்காகத் திறக்கப்பட்ட கடைகள் எல்லாம் வைத்தியசாலைகள் அல்ல.

காய்ச்சலுள்ளவர்களுக்கும், தோலில் புண்ணோ புதிய எலும்பு முறிவோ உள்ளவர்களுக்கும் உருவிவிடலாகாது. ஒரு கால் மாத்திரம் வீங்கிச் சூடாக வலித்தால் அதைத் தொடாமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். கர்ப்பவதிகளும், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்கிறவர்களும் மருத்துவரைக் கேட்டே செய்யவேண்டும். மனநல மாத்திரை உண்கிறவர், எண்ணெய் தேய்த்துச் சுகமாயிருக்கிறது என்று அதைத் தாமாக நிறுத்தக்கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமில்லாமல், வேலைக்குப் போக இயலாமல், வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு எழும்பினால், எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றுவிடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம். மொழியைத் தெரிந்துகொள்ளும் வசதி அதில் உண்டு. மலையாளம் சரளமாக வராத தோட்டத்துப் பெற்றோருக்கு இந்த எண்ணை எழுதிக் கொடுத்து, தமிழில் பேசலாம் என்பதையும் சொல்லி வையுங்கள்.