கோடிக்குத் தயாராவதா, கேள்விக்குத் தயாராவதா?



சென்ற மழைக்காலத்தில், தாராவித் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்துக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. இட்லி வியாபாரம் செய்யும் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகளுக்கு வந்த அழைப்பு அது. இந்தியில் நடக்கும் தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சி ஒன்றுக்கு அந்தப் பெண் வீட்டிலிருந்தபடியே விடை அனுப்பியிருந்தாள். பிறகு தொலைபேசியில் கேட்ட கேள்விகளுக்கும் சரியாகச் சொல்லிவிட்டாள். மூன்று வாரம் கழித்து நேர்முகத் தேர்வுக்கு வரும்படி சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை அந்தச் சந்தில் தீபாவளிதான். மறுநாள் காலையில் ஓர் ஆசாமி வந்து சேர்ந்தான். தனக்கு 'உள்ளே' ஆள் இருப்பதாகவும், எட்டாயிரம் ரூபாய் கொடுத்தால் கேள்விப் புத்தகமும் பயிற்சியும் தந்து நிச்சயம் தேர்வாக வைப்பதாகவும் சொன்னான். தகப்பனார் நம்மிடம் வந்தபோது அவர் கைக்குட்டை முடிச்சில் மனைவியின் தோடு இருந்தது.

"அண்ணாச்சி, ஒரு சோடித் தோடுதானே? அடகு வச்சிருதேன். பிள்ள செயிச்சிட்டான்னா பத்துத் தோடு வாங்கிரலாம்லா?" என்றார்.

நாம் அவரை உட்கார வைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, ஒன்றே ஒன்று கேட்டோம்: "உள்ளே ஆள் வைத்திருப்பவன், எட்டாயிரத்துக்காக ஏன் சந்து சந்தாக அலைகிறான்?" அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு முடிச்சை மடியில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார். தோடு வீடு திரும்பியது.

ஆனால் பிள்ளையின் ஆசையை என்ன செய்வது? 'இதெல்லாம் பணக்காரன் ஆட்டம், போய் வேலையைப் பார்' என்று நாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அறிவை வளர்த்துக்கொள்ள ஒரு பெண் விரும்புகிறாள். அதைத் தடுக்க நாம் யார்? சங்க அறையைத் திறந்துவிட்டோம். அந்த மூன்று வாரத்தில் கண்டதை நம் குடும்பங்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

கோடியின் கணக்கு

முதலில் கணக்கைப் பார்ப்போம். 'கௌன் பனேகா குரோர்பதி' 2000 ஜூலை 3-ஆம் நாள் தொடங்கியது. 1998-ல் பிரிட்டனில் தொடங்கிய ஒரு நிகழ்ச்சியின் இந்திய வடிவம் அது. தமிழிலும் 2012-ல் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்று விஜய் தொலைக்காட்சியில் வந்தது. இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு ஆள் எடுக்கும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். வீட்டிலிருந்து விடை அனுப்புவோர் பல இலட்சம். சரியான விடை சொன்னவர்களிலிருந்து கணினி குலுக்கிப் பொறுக்குகிறது. அவர்களில் சிலருக்குத் தொலைபேசிக் கேள்வி. அதில் தேறியவர்களுக்கு எழுத்துத் தேர்வும் நேர்காணலும். அதற்கும் பிறகு, நான்கு பெயர்களை வேகமாக வரிசைப்படுத்தும் போட்டி. அதில் முந்துகிற ஒருவருக்கே நாற்காலி.

ஆக, முதற்படியே குலுக்கல். அந்தப் படியில் எந்தப் பயிற்சியும் உதவாது, பணமும் உதவாது. அதற்குப் பணம் வாங்குகிறவன் திருடன்.

வென்றாலும் முழுத் தொகை கைக்கு வராது. இத்தகைய பரிசுகளுக்கு 30 சதவீத வரி, அதற்கு மேல் கூடுதல் வரிகள். ஏழை என்பதற்காக இதில் விலக்கு இல்லை. ஒரு கோடியில் 30 இலட்சத்தைக் கொடுப்பதற்கு முன்பே பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 'உங்கள் எண்ணுக்கு 25 இலட்சம் பரிசு விழுந்திருக்கிறது, முதலில் வரியைக் கட்டுங்கள்' என்று கோடீஸ்வர நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லி வாட்சப்பில் செய்தி வருகிறது. காவல்துறை பலமுறை எச்சரித்தும் ஏமாறுவோர் குறையவில்லை. பரிசு கொடுப்பவன் உங்களிடம் முன்பணம் கேட்கமாட்டான். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராதீர்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள்.

வென்றவர் கதை

2000-ல் முதல் கோடியை வென்ற ஹர்ஷவர்தன் நவாதே அப்போது குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர். வேறொன்றுக்காகச் சேர்த்த அறிவு அவருக்கு அங்கே கைகொடுத்தது.

2011-ல் பீகார் மோதிஹாரியைச் சேர்ந்த சுசில் குமார் ஐந்து கோடி வென்றார். நூறு நாள் வேலைத் திட்டத்தில் கணினி இயக்குபவராகச் சொற்பச் சம்பளம் வாங்கிய இளைஞர். நாடே கொண்டாடியது. ஆனால் பரிசுக்குப் பிந்திய காலமே தம் வாழ்வின் மோசமான காலம் என்று 2020-ல் அவரே எழுதினார்: நன்கொடை என்றும் தொழில் என்றும் வந்தவர்களிடம் ஏமாந்ததை, குடியில் விழுந்ததை, மீண்டு எழுந்ததை மறைக்காமல் எழுதினார். சம்பாரணில் செண்பகக் கன்றுகள் நடத் தொடங்கிய பிறகு மனம் அமைதி கண்டதாகவும் சொன்னார். அவருடைய அறிவில் குறை ஒன்றுமில்லை. ஐந்து கோடியோடு ஒரு மனிதனைத் தனியே விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அவர் சொன்னதே சாட்சி.

2020 ஜனவரியில், பெண்களுக்கென்றே கலர்ஸ் தமிழ் நடத்திய 'கோடீஸ்வரி'யில் மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி வென்றார். காது கேளாத, பேச இயலாத பெண் அவர். புரிந்துகொள்ளவும் விடை சொல்லவும் வழி செய்து கொடுத்தபோது அவர் அறிவு தடையின்றி வெளியே வந்தது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆச்சி சொன்ன விடை

நம் தயாரிப்புக்குச் செலவு அதிகமில்லை. ஓர் இந்தியப் படம், ஓர் உலகப் படம் வாங்கிச் சுவரில் ஒட்டினோம். தமிழ் நாளேடு ஒன்று, இந்தி நாளேடு ஒன்று. பள்ளிப் பிள்ளைகளின் பழைய சமூக அறிவியல், அறிவியல் புத்தகங்கள். ஒரு மேசைக் கடிகாரம். தினமும் இரவு எட்டு முதல் பத்து வரை. பெண் ஒருத்திக்காகத் தொடங்கியது. நான்காம் நாள் பதினோரு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஐந்து கேள்வி எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று விதி வைத்தோம். கேள்வி தயாரிப்பவனுக்கே பாதி விடை மனத்தில் நிற்கும். தெரியாததைத் 'தெரியாது' என்று சொல்லவும் பழக்கினோம். குருட்டாம்போக்கில் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட, கையில் இருப்பதோடு எழுந்து வருவதும் ஒரு கெட்டிக்காரத்தனமே.

வரிசைப்படுத்தும் கேள்விக்குத் தனிப் பயிற்சி. நாம் ரயில்வேக்காரர் ஆயிற்றே! ஒருநாள் இப்படிக் கேட்டோம்: "மும்பையிலிருந்து குண்டக்கல், ரேணிகுண்டா வழியாகச் சென்னை போகும் ரயில் கடக்கும் ஆறுகளை வரிசையாகச் சொல்லுங்கள்: துங்கபத்திரை, பீமா, கிருஷ்ணா." பிள்ளைகள் விழித்தார்கள். பேத்தியைக் கூட்டிப்போக வந்து வாசலில் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர், "இதுகூடவாத் தெரியாது? சோலாப்பூருக்கு முன்ன பீமா. ராய்ச்சூருக்கு முன்ன கிருஷ்ணா. குண்டக்கல்லுக்கு முன்ன துங்கபத்திரா" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டோம். "நாப்பது வருசமா ஒவ்வொரு ஆத்துலயும் காசு போட்டுட்டுப் போறேன், தெரியாதா?" என்றார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் அந்த இரவில் அந்த அறையில் முதல் மதிப்பெண் அவருக்குத்தான்.

தோழர்களே, நம்மிடம் அறிவு இல்லை என்று யார் சொன்னது? நம்மிடம் இருப்பதைக் கேள்வியாக யாரும் கேட்பதில்லை, அவ்வளவே. 1974 மே 8-ஆம் நாள் தொடங்கி இருபது நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 17 இலட்சம் ரயில்வே தொழிலாளர் பங்கேற்றார்கள். 1982 ஜனவரியில் இந்த மும்பையின் இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் தத்தா சாமந்த் தலைமையில் வேலையை நிறுத்தினார்கள். 1923-ல் சென்னையில் மே தினம் கொண்டாடியவர் சிங்காரவேலர். எந்த நடிகைக்கு எந்தப் படத்தில் விருது என்பது பொது அறிவானால், இவையும் பொது அறிவுதான். இவற்றையும் நம் பிள்ளைகளின் கேள்வித் தாளில் சேர்த்தோம்.

விடை தெரியும், சொல் தெரியவில்லை

ஒரு மாலை, இலைகள் சூரிய ஒளியில் உணவு தயாரிப்பதைப் பற்றிய கேள்வி வந்தது. அந்தப் பெண் தொடக்க வகுப்புகளை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். 'ஒளிச்சேர்க்கை' என்றால் படம் போட்டு விளக்குவாள். ஆனால் 'பிரகாஷ் சம்ஷ்லேஷண்' என்று இந்தியில் கேட்டபோது திகைத்து நின்றாள். சந்தையில் பேசும் இந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாடப்புத்தக இந்தி வேறு. அறிவிருந்தும் நேரம் ஓடிவிட்டது. பிறகு தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் சொற்களை எழுதி ஓர் ஏடு தயாரித்தோம். இருநூறு சொல் சேர்ந்தது.

பிழைக்க வந்த ஊரின் மொழியைக் கற்பதில் நமக்கு வெட்கமில்லை, கற்றுத்தான் வாழ்கிறோம். ஆனால் தொலைக்காட்சி விளையாட்டு. அரசு வேலை விளையாட்டல்ல. ரயில்வே தேர்வு வாரியத்தின் கணினித் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்பது நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024 முதல் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளில் நடக்கிறது. அது தானாகக் கனிந்து விழவில்லை. 2023-ல் தமிழ்நாட்டிலிருந்து கோரிக்கை எழுந்த பிறகு வந்தது. ஆனால் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் இன்றும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. மதுரைப் பெண்ணுக்கு வழி திறந்தபோது என்ன நடந்தது என்று முன்பே பார்த்தோம். நம் பிள்ளைகளுக்கும் அந்த வழியைத் திறக்கக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

கண்ணீரை விற்காதே

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு அந்தப் பெண் நம்மிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மாமா, வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழுதா எடுத்துக்குவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அழணுமா?"

நாம் 2008-ல் வந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தை நினைத்துக்கொண்டோம். விகாஸ் ஸ்வரூப் 2005-ல் எழுதிய நாவலைத் தழுவிய படம். எட்டு ஆஸ்கர் வாங்கியது. அதில் சேரியில் பிறந்து தேநீர் கொடுக்கும் வேலை பார்க்கும் பையன் கடைசிக் கேள்விக்கு முந்திய கேள்வி வரை விடை சொல்கிறான். உடனே என்ன செய்கிறார்கள்? காவல் நிலையத்தில் கட்டி வைத்து அடிக்கிறார்கள். இவனுக்கு எப்படித் தெரியும் என்பதே அவன் குற்றம். தாராவியில் பிறந்தவன் என்றால் ஒன்று திருடன், அல்லது பரிதாபத்துக்குரியவன். இந்த இரண்டு சட்டையைத்தான் நமக்குத் தைத்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் நம் அளவு அல்ல.

ஆகவே சொன்னோம்: "அழ வேண்டாம், அம்மா. எங்க அப்பா விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்து இட்லி அவிக்கிறார், இந்த ஊர் அதைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறது என்று நிமிர்ந்து சொல். இரக்கப்பட்டு எடுப்பதானால் எடுக்காமலே போகட்டும்."

அவள் அப்படியே சொல்லிவிட்டு வந்தாள். எழுத்துத் தேர்வு நன்றாகவே எழுதியதாகச் சொன்னாள். அதன்பின் அழைப்பு வரவில்லை. தீபாவளி வரை தகப்பனார் ஒவ்வொரு மணியோசைக்கும் தொலைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விட்டுவிட்டார். அவருக்கு வருத்தம்தான், இல்லையென்று சொல்லமாட்டோம். அவளும் இரண்டு வாரம் சங்க அறைப் பக்கம் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தாள். தன் சொல் ஏட்டைச் சிறுவர்களுக்குப் படித்துக் காட்டத் தொடங்கினாள்.

இப்போது அவளும் இன்னும் ஐந்து பேரும் ரயில்வே எழுத்தர் வேலைக்கான தேர்வுக்குத் தயாராகிறார்கள். அதன் முதற்கட்டத் தேர்வில் 100 கேள்விகளில் 40 பொது அறிவு. தவறான விடைக்கு மதிப்பெண் பிடிப்பார்கள். தொலைக்காட்சிக்காகச் சேர்த்த அறிவும், தெரியாததைத் தெரியாது என்று விடப் பழகிய பழக்கமும் இங்கே வீண்போகாது. இங்கே குலுக்கலும் இல்லை.

எனவே உறுப்பினர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். பிள்ளைகள் தொலைக்காட்சிப் போட்டிக்குப் போக விரும்பினால் போகட்டும். ஆனால் அதற்காக ஒரு குன்றிமணித் தங்கமும் அடகுக் கடைக்குப் போகக்கூடாது. இடைத்தரகன் வந்தால் சங்கத்துக்கு அனுப்புங்கள், நாம் பேசிக்கொள்கிறோம். தனியே வீட்டுக்குள் படிக்க வேண்டாம். பத்துப் பேராக உட்கார்ந்து படிக்கட்டும். வாசலில் ஆச்சிமாரும் உட்காரட்டும்.

ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிக்குச் சங்க அறை திறந்திருக்கும். படம் சுவரில் இருக்கிறது. வரும்போது ஒவ்வொருவரும் ஐந்து கேள்வி எழுதிக்கொண்டு வாருங்கள்.