ஆட்சியைக் காப்பாற்றிய ஒரே ஓட்டு!

கனடா நாட்டுத் தலைநகர் ஒட்டாவா. 2005-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி மாலை.

பிரதமர் பால் மார்ட்டினின் மந்திரிசபை நிற்குமா, கவிழுமா என்று பார்லிமெண்டில் ஓட்டெடுப்பு. அங்கே அப்போது ஒவ்வொரு எம்.பி.யாக எழுந்து நிற்கவேண்டியிருந்தது. பெயரை வாசித்துக் குறித்துக்கொள்வார்கள். யார் எந்தப் பக்கம் என்பதை ஊரே பார்க்கும்.

சுயேச்சை எம்.பி. சக் காட்மன் எழுந்தார். வயது 57. தோல் புற்றுநோய்க்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. நாட்டின் மேற்குக் கோடியில் இருந்து விமானம் ஏறி, இந்த ஓட்டுக்காகவே வந்திருந்தார். எந்தப் பக்கம் என்று கடைசி வரை வாய் திறக்கவில்லை.

அரசாங்கத்துக்கு ஆதரவாக எழுந்தார்!

எண்ணிப் பார்த்தார்கள். ஆதரவு 152. எதிர்ப்பு 152. சமம்!

சபாநாயகர் பீட்டர் மில்லிகன் தன் ஓட்டை அரசாங்கத்தின் பக்கம் போட்டார். சமமாக நின்றால், மசோதா மேற்கொண்டு விவாதத்துக்குப் போகும்படி சபாநாயகர் ஓட்டளிப்பது மரபு. ஆனால் ஒரு மந்திரிசபையின் தலைவிதியை சபாநாயகர் ஓட்டு தீர்மானித்தது கனடா சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

காட்மன் எதிர்த்திருந்தால் ஆட்சி போயிருக்கும். அது எல்லோருக்கும் தெரியும். "உடம்பு சரியில்லை" என்று வீட்டிலேயே படுத்திருந்தாலும் போயிருக்கும் என்பதுதான் கவனிக்கவேண்டியது. 151-க்கு 152 என்று ஆகியிருக்கும். சபாநாயகருக்கு வேலையே வந்திருக்காது. வராமல் இருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் வந்தார்.

யார் இந்த காட்மன்?

அரசியல் குடும்பத்துப் பிள்ளை அல்ல. வக்கீலும் அல்ல. இளம் வயதில் கிடார் வாசித்தவர். நீண்ட தலைமுடியைப் பின்னால் குடுமி போலக் கட்டியிருப்பார். எம்.பி. ஆன பிறகும் அந்தக் குடுமி இருந்தது. வான்கூவர் நகரை ஒட்டிய சர்ரே என்ற ஊரில் மனைவி மக்களோடு சாதாரணமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

1992 அக்டோபரில் அந்தக் குடும்பத்தில் இடி விழுந்தது. 16 வயது மகன் தெருவில் நடந்து வரும்போது கத்தியால் குத்திக் கொல்லப்பட்டான். முன்விரோதம் எதுவும் கிடையாது. குத்தியவனும் வயது நிரம்பாத பையன்தான்.

இளங்குற்றவாளிகளை அந்த நாட்டுச் சட்டம் தனியாக, மென்மையாக நடத்தியது. காட்மனும் மனைவி டோனாவும் வீட்டுக்குள் அழுதுகொண்டிருக்கவில்லை. சட்டத்தை மாற்றவேண்டும் என்று அமைப்பு ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேசினார்கள்.

அந்த வழியாகத்தான் அரசியல். 1997 தேர்தலில் சீர்திருத்தக் கட்சி சார்பில் சர்ரே வடக்குத் தொகுதியில் நின்று ஜெயித்தார். 2000-ல் மறுபடியும் ஜெயித்தார். கட்சி பெயர் மாறியது, பிறகு வேறொரு கட்சியோடு இணைந்து கன்சர்வேட்டிவ் கட்சி ஆனது. காட்மன் மாறவில்லை. கொலை, கார் திருட்டு, நடுரோட்டில் கார் பந்தயம், இவற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

டிக்கெட் போச்சு!

2004-ல் சொந்தக் கட்சியே கைவிட்டது. அங்கே வேட்பாளரை உள்ளூர்க் கட்சி உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். யார் புது உறுப்பினர்களை அதிகமாகச் சேர்க்கிறாரோ அவர் கை ஓங்கும். அந்தப் போட்டியில் காட்மன் தோற்றார். ஏழு வருஷம் எம்.பி.யாக இருந்தவருக்கு டிக்கெட் இல்லை!

சுயேச்சையாக நின்றார். ஜெயித்தார். அந்தத் தேர்தலில் நாடு முழுவதும் ஜெயித்த ஒரே சுயேச்சை அவர்தான்.

அந்தத் தேர்தல்தான் அவரைப் பெரிய மனிதர் ஆக்கியது. மொத்த இடங்கள் 308. ஆளும் லிபரல் கட்சிக்கு 135. கன்சர்வேட்டிவ் 99. கியூபெக் தனியாகப் போகவேண்டும் என்று கேட்கும் பிளாக் கட்சி 54. புதிய ஜனநாயகக் கட்சி 19. மிச்சம் ஒன்று, காட்மன். யாருக்கும் மெஜாரிட்டி இல்லை.

2005-ல் விளம்பரப் பண ஊழல் விசாரணை லிபரல் கட்சியைப் போட்டு வாட்டியது. இதுதான் சமயம் என்று எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டீபன் ஹார்ப்பர் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார். பிரதமரோ புதிய ஜனநாயகக் கட்சியுடன் பேரம் முடித்தார். கம்பெனிகளுக்கு வரிச் சலுகையைத் தள்ளிவைப்பது, வீட்டு வசதி, படிப்பு, பஸ் போக்குவரத்துக்கெல்லாம் 460 கோடி டாலர் ஒதுக்குவது என்று ஒப்பந்தம். ஓட்டெடுப்பு நடந்தது இந்த மசோதாவின் மேல்தான்.

இரண்டு நாளைக்கு முன்பு, மே 17-ல், கன்சர்வேட்டிவ் எம்.பி. பெலிண்டா ஸ்ட்ரோனாக் கட்சி மாறினார். அன்றைக்கே மந்திரி பதவி! அதற்கு முந்தின வருஷம்தான் ஹார்ப்பரோடு கட்சித் தலைமைக்கே போட்டி போட்டவர் அவர். அதற்குப் பிறகும் கணக்கு தொங்கலில்தான் இருந்தது.

காட்மன் என்ன செய்தார்? தொகுதி மக்களிடம் கருத்துக் கேட்டார். "இப்போது தேர்தல் வேண்டாம்" என்பதே பெரும்பாலோர் பதில். அதன்படி ஓட்டுப் போட்டதாகச் சொன்னார். லிபரல் கட்சி மேல் அவருக்குப் பிரியம் எதுவும் இல்லை. எட்டு வருஷமாக எதிர்வரிசையில் உட்கார்ந்து அதைத் தாக்கியவர்தான்.

2005 ஜூலை 9-ந் தேதி காட்மன் இறந்தார். ஓட்டுப் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

மார்ட்டின் ஆட்சி நவம்பர் 28-ல் எப்படியும் கவிழ்ந்தது. கிடைத்தது ஆறு மாதம்தான். ஆறு மாதத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 460 கோடி டாலர் மசோதா நிறைவேறியது. ஒரே பாலினத்தவர் திருமணத்தைச் செல்லும் என்று ஆக்கும் சட்டமும் அந்த ஜூலையில்தான் வந்தது. மே மாதமே பார்லிமெண்டு கலைந்திருந்தால் அது அப்போது வந்திருக்காது.

10 லட்சம் டாலர் விவகாரம்

கதை அதோடு முடியவில்லை. 2008-ல் காட்மனைப் பற்றி ஒரு புத்தகம் வெளிவந்தது. ஓட்டெடுப்புக்கு முன்னால் கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்கள் வந்து, 10 லட்சம் டாலருக்கு ஆயுள் இன்ஷூரன்ஸ் தருவதாகச் சொன்னார்கள் என்று மனைவி டோனா கூறியதாக அதில் இருந்தது. சாகக் கிடக்கிற மனுஷனிடம் இன்ஷூரன்ஸ் பேரமா என்று நாடே கொதித்தது. ஹார்ப்பர் அப்போது பிரதமர்!

கட்சி மறுத்தது. மறுபடி கட்சியில் சேர்ந்தால் தேர்தல் செலவுக்கு உதவி செய்கிறோம் என்றுதான் பேசினோம் என்றது. காட்மனே சாவதற்கு முன்பு டெலிவிஷன் பேட்டியில், போட்டியில்லாமல் டிக்கெட், தேர்தலுக்கு உதவி, இவற்றைத் தவிர வேறு எதுவும் பேசப்படவில்லை என்றுதான் சொல்லியிருந்தார். விசாரித்த மத்திய போலீஸ், வழக்குப் போட ஆதாரம் இல்லை என்று 2008-ல் கைவிட்டது. லிபரல் கட்சி மேல் ஹார்ப்பர் போட்ட மானநஷ்ட வழக்கும் 2009-ல் சமரசத்தில் முடிந்தது.

ஆக, அந்த அறையில் என்ன பேசினார்கள் என்பது தீர்ப்பு ஆகாமலே நின்றுவிட்டது. ஒன்று மட்டும் மறுக்க முடியாதது. பேரம் எதுவாக இருந்தாலும், ஓட்டு மறுபக்கம்தான் விழுந்தது.

இன்னொரு வேடிக்கை. புத்தகம் வெளிவந்த அதே 2008-ல், டோனா காட்மன் அதே கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில், கணவரின் அதே தொகுதியில் நின்று ஜெயித்தார்! ஹார்ப்பர் தனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னதைத் தான் நம்புவதாகக் கூறினார். 2011 தேர்தலில் அவர் தோற்றுப்போனார்.

காட்மன் கேட்டுக்கொண்டே இருந்த கார் பந்தயத் தடைச் சட்டம், அவர் உயிரோடு இருந்தவரை நிறைவேறவில்லை. 2006 டிசம்பரில் நிறைவேறியது. கொண்டுவந்தது ஹார்ப்பர் அரசாங்கம். அவருக்கு டிக்கெட் கிடைக்காமல் போன அதே கட்சியின் அரசாங்கம்.