வரைபடத்துக்கு ஒரு தேதி போடுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். கோபத்தில் எழுதுகிறேன். எங்காவது குரல் உயர்ந்திருந்தால் பழைய ஒன்பதாம் வகுப்பு என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நத்தத்தில் அக்காள் பேரனுக்குக் காதுகுத்து. இரவு திரும்பி வரும்போது வழியில் வீட்டம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. இன்ஹேலர் இரண்டு முறை அடித்தும் அடங்கவில்லை. அக்காள் மகன் போனில் லைனிலேயே இருந்தான். மதுரைக்குள் நுழையும்போது நத்தம் ரோட்டை ஒட்டியே ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது என்று பெயர் சொன்னான். கார் திரையில் அந்தப் பெயரைப் போட்டேன், வந்தது. நிம்மதியாகப் போனேன்.

செட்டிகுளம் வந்ததும் மேம்பாலம். 2023 ஏப்ரலில் திறந்த பாலம், 7.3 கிலோமீட்டர் நீளம். ஊருக்கே தெரிந்த அந்தப் பாலம் என் கார் கருவிக்குத் தெரியாது. நான் மேலே போகிறேன், அது நான் கீழே ரோட்டில் போவதாக நினைத்துக்கொண்டு, "நூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்" என்கிறது. இடப்புறம் இருப்பது கைப்பிடிச் சுவர். திரும்பினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை, நேரே மேலோகம்தான். இறங்கும் வழி எங்கே என்று அதற்கும் தெரியவில்லை, வெளியூர்க்காரனான எனக்கும் தெரியவில்லை. ஊருக்குள் போய் இறங்கி, கேட்டுக் கேட்டுத் திரும்பி வர இருபத்தைந்து நிமிடம். பக்கத்து சீட்டில் அவள் இழுத்து இழுத்து மூச்சு விடும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது நன்றாக இருக்கிறாள். நலம் கேட்டு யாரும் போன் செய்ய வேண்டாம், அவளுக்குப் பேசினால்தான் இரைக்கிறது.

"சாட்டிலைட் தப்பு பண்ணிருச்சா சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். சாட்டிலைட் தப்பே பண்ணவில்லையப்பா. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நான்கு கோள்களின் சிக்னல் கிடைத்தால் நாம் எங்கே இருக்கிறோம் என்று கருவி கணக்குப் போட்டுவிடும். அதற்கு நம்மிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. ஆனால் அந்தக் கோள்களுக்கு நத்தம் ரோடும் தெரியாது, நம்ம சங்கரன்கோவில் தேரடியும் தெரியாது. ரோடெல்லாம் காருக்குள் இருக்கும் மெமரியில்தான் இருக்கிறது. பழசாவது அது. அதைப் புதுப்பிப்பது யார் வேலை என்பதுதான் என் சண்டை.

நான் 2020ல் கார் வாங்கினேன். இந்தத் திரை வேண்டும் என்றுதான் மேல் ரகத்தைக் கேட்டு, கூடுதலாகப் பணம் கட்டினேன். மூன்று வருடம் அப்டேட் இலவசம் என்றார்கள். நடுவில் ஒரு தடவைகூட ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை. சர்வீசுக்கு விட்டபோதெல்லாம் ஆயில் மாற்றினார்கள், வாசனைத் திரவம் அடித்தார்கள், வரைபடத்தைத் தொடவில்லை. கேட்டால், "அது கஸ்டமர்தான் பண்ணிக்கணும் சார்."

சரி, பண்ணிக்கொண்டேன். இந்த முறை பணம் கட்டித்தான். முதலில் பென்டிரைவை காரில் செருகி அது எழுதித் தருவதை வாங்க வேண்டும். அதை வீட்டுக் கணினிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஒரு மென்பொருள், ஒரு கணக்கு, ஒரு பாஸ்வேர்டு. பென்டிரைவ் எஃப்ஏடி32 வடிவத்தில் இருக்க வேண்டுமாம். நான் வாங்கிய 64 ஜிபி பென்டிரைவுக்கு அந்த வடிவத்தைக் கணினி காட்டவே இல்லை. மறுபடி கடைக்குப் போய்ச் சின்னதாக ஒன்று வாங்கினேன். பதிவிறக்கம் ஒரு ராத்திரி ஓடியது. மறுநாள் காலையில் வாசலில் காரை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து, "எங்கயும் கிளம்புறீகளா?" என்று கேட்டுவிட்டார். 92 சதவீதத்தில் 'கோப்பில் பிழை' என்று நின்றது. மறுபடி முதலிலிருந்து. இதில் என் தப்பும் ஒன்று உண்டு, இரண்டாம் தடவை முடியுமுன் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டேன். மூன்றாம் தடவை முடிந்தது.

முடிந்ததும் முதல் வேலையாகத் திரையில் மதுரையைத் தேடிப் பார்த்தேன். பாலம் இல்லை. பணம் கட்டி வாங்கிய 'புதிய பதிப்பில்' நத்தம் ரோடு மேம்பாலம் இல்லை! எங்கள் வீட்டு முகவரியில் இன்னும் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் இருக்கிறது. தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில்.

என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1986ல் நெல்லையிலிருந்து சிதம்பரனார் மாவட்டம் பிரிந்தபோது நம் பள்ளிச் சுவரில் பழைய துணி வரைபடம்தான். புது வரைபடம் எப்போது வரும் என்று காத்திருக்கவில்லை. கோவில்பட்டியும் தூத்துக்குடியும் அந்தப் பக்கம் போகும்படி சிவப்பு மையில் கோடு போட்டேன். கீழே மூலையில் தேதியும் எழுதினேன். கோடு கொஞ்சம் கோணல்தான். ஆனால் அந்தப் படம் எந்த நாள் வரைக்கும் சரி என்று அதைப் பார்க்கிற பிள்ளைக்குத் தெரியும்.

பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் தேதி இருக்கிறது. காய்ச்சல் மாத்திரை அட்டையில் தேதி இருக்கிறது. ராத்திரியில் நோயாளியை வைத்துக்கொண்டு நான் நம்பிப் போகிற படத்தின் தேதி மட்டும், ஐந்தாறு பட்டன்களுக்கு உள்ளே, எண்ணும் எழுத்துமாகக் கலந்த பதிப்பு எண்ணாக ஒளிந்திருக்கிறது.

"போன்ல பாத்துட்டுப் போக வேண்டியதுதான சார்" என்று பாதிப் பேர் எழுதப் போகிறீர்கள், தெரியும். அன்றைக்குப் போனில் அக்காள் மகன் இருந்தான். அது போகட்டும். போன் வரைபடத்தில் அந்தப் பாலம் இருக்கிறது, நான் எதுவும் செய்யாமலே வந்திருக்கிறது. அப்படியானால் பாலத்தைப் படத்தில் சேர்ப்பது முடியாத காரியம் இல்லை. காருக்குள் அதைச் செய்ய மட்டும் ஏன் என்னிடம் பணமும், இரண்டு பென்டிரைவும், ஒரு லிட்டர் பெட்ரோலும் கேட்கிறார்கள்? போனே போதும் என்றால் இந்தத் திரைக்கு ஏன் விலை வைத்து விற்றார்கள்?

நம் பிள்ளைகளில் நாலைந்து பேர் கார் கம்பெனிகளில் இருக்கிறீர்கள், இரண்டு பேர் மென்பொருள் பக்கம். உங்கள் மேலதிகாரிகளிடம் சொல்லுங்கள். காரை ஸ்டார்ட் செய்ததும் திரையில் பெரிய எழுத்தில், 'இந்த வரைபடம் இந்த மாதம் வரைக்கும்தான் சரி' என்று ஒரு வரி வரட்டும். சர்வீசில் ஆயில் மாற்றும்போது படத்தையும் அவர்களே மாற்றித் தரட்டும். மூன்று வருடத்துக்கு மேல் காசு என்றால் வாங்கும் அன்றைக்கே எவ்வளவு என்று சொல்லட்டும். பொருளைப் பற்றிச் சரியான எச்சரிக்கை தராததையும் குறையாகக் கேட்கலாம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. நான் அதை எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். வக்கீலாக இருக்கும் மாணவர்கள் யாராவது இன்பாக்சில் வாருங்கள், பில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

அதுவரைக்கும் காரில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். போகிற இடத்தில் ஆஸ்பத்திரி எங்கே, பாலத்தில் எங்கே ஏறி எங்கே இறங்குவது என்று எழுதி வருகிறேன். வீட்டம்மா பக்கத்தில் இருந்து வாசிக்கிறாள். நத்தம் ரோடு முதல் பக்கத்தில், சிவப்பு மையில் இருக்கிறது.