மொய் நோட்டும் ஸ்னூக்கர் மேஜையும்



சித்திரை வெயில் ஏறினால் கீரனூரில் எல்லார் வீட்டிலும் ஐ.பி.எல். ஓடும். என் செல்போனில் மட்டும் ஸ்னூக்கர் ஸ்கோர் ஓடும். "சார், அது பணக்காரங்க கிளப்புல விளையாடுற ஆட்டமாச்சே, உங்களுக்கு எப்படி இதுல பைத்தியம் புடிச்சிச்சு?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்லிவிட்டு, ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், இது வெளிநாட்டு ஆட்டம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். 1875இல் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லேன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி உண்டாக்கிய ஆட்டம் இது. அதற்கு விதிகளை எழுதி ஒட்டியது நம் ஊட்டி கிளப்பில், 1882இல். இங்கிருந்துதான் இங்கிலாந்துக்கே போனது. ஊட்டிக்குச் சுற்றுலா போய் படகு விட்டு, வர்க்கி வாங்கி வரும் நமக்கு இது தெரிவதில்லை. 2025 நவம்பரில் தோஹாவில் நடந்த ஐ.பி.எஸ்.எஃப். உலகப் போட்டியில், சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என்று வென்று பட்டம் வாங்கினார். கடைசி ஃப்ரேம் 68-60. ஊட்டியில் விதி எழுதிய ஆட்டத்தில் நம் மாநிலத்துப் பெண் உலக சாம்பியன். நம் ஊர் டீக்கடையில் அன்று அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்கவில்லை.

கணக்கு வாத்தியாருக்கு இந்த ஆட்டம் பிடிக்காமல் போகாது. சிவப்புப் பந்து 15, ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. ஒரு சிவப்பைக் குழியில் தள்ளினால் அடுத்து ஒரு வண்ணப் பந்தைத் தள்ளலாம். மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. ஒவ்வொரு சிவப்புக்கும் பிறகு கறுப்பையே தள்ளினால் 15 தடவை 8, ஆக 120. கடைசியில் ஆறு வண்ணப் பந்துகளும் சேர்ந்து 27. மொத்தம் 147. ஒரே மூச்சில் அந்த 147ஐ ரோனி ஓ'சல்லிவன் 1997இல் ஐந்து நிமிடம் சொச்சத்தில் எடுத்தார். வீடியோ இருக்கிறது, பாருங்கள். 12 அடிக்கு 6 அடி மேஜையை அந்த மனிதர் ஓடி ஓடிச் சுற்றுவார்.

உலக சாம்பியன் போட்டி ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், க்ரூசிபிள் என்ற நாடக அரங்கில் நடக்கும். 1977 முதல் அங்கேதான். 32 பேர், 17 நாள். இறுதிப் போட்டியில் முதலில் 18 ஃப்ரேம் எடுப்பவர் வெற்றி. அது மட்டுமே இரண்டு நாள் நடக்கும். அவர்களுடைய மாலை ஆட்டம் 7 மணிக்கு என்றால் நமக்கு இரவு 11.30. வீட்டு அம்மா திட்டுவார். பென்ஷன்காரனுக்கு இது ஒன்றுதான் கெட்ட பழக்கம் என்று நானும் விட்டுவிட்டேன்.

என்னை இந்த ஆட்டத்தில் பிடித்து வைத்தவை இரண்டு விஷயங்கள்.

ஒன்று, நாற்காலி. எதிராளி மேஜையில் இருக்கும்வரை நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். டென்னிஸ் மாதிரி பந்தைத் திருப்பி அடிக்க முடியாது. கபடி மாதிரி மடக்கிப் பிடிக்க முடியாது. அவர் ஒரு மணி நேரம் ஆடினாலும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு பார்த்திருக்க வேண்டியதுதான்.

இரண்டு, ஃபவுல். சட்டைக் கை ஒரு பந்தில் லேசாக உரசிவிட்டால், நடுவர் கவனிக்காவிட்டாலும், ஆடுபவரே நிமிர்ந்து "ஃபவுல்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவார். அந்த ஆட்டத்தின் மரியாதை அது. அதைவிட எனக்குப் பிடித்தது, ஃபவுலுக்கு முன்கூட்டியே விலை எழுதி வைத்திருப்பது. குறைந்தது 4 புள்ளி, அதிகம் போனால் 7. அது எதிராளி கணக்கில் ஏறும். அப்புறம் ஆட்டம் தொடரும். ஃபவுல் செய்தவன் என்று யாரையும் அந்த மேஜையிலிருந்து ஆயுளுக்கும் தள்ளி வைப்பதில்லை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

2023இல் இந்த ஆட்டத்துக்கே ஒரு பெரிய அவமானம் வந்தது. சூதாட்டப் புகாரில் சீன ஆட்டக்காரர்கள் பத்துப் பேர் தண்டிக்கப்பட்டார்கள். இரண்டு பேருக்கு ஆயுள் தடை. மற்றவர்களுக்கு ஆளுக்கு ஏற்ற மாதிரி தடை. அந்தப் பத்தில் ஒருவர் ஜாவ் ஷின்டாங். 1997இல் பிறந்தவர், 2021இலேயே யு.கே. சாம்பியன்ஷிப் வாங்கிய பையன். அவர் தன் ஆட்டத்தை விற்கவில்லை. ஆனால் ஸ்னூக்கர் ஆட்டங்கள் மேல் பந்தயம் கட்டினார், இன்னொருவர் இரண்டு ஆட்டங்களை விற்றதில் அவருக்கும் சம்பந்தம் இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு 20 மாதத் தடை.

தடை முடிந்து 2024 செப்டம்பரில் திரும்பி வந்தபோது பழைய இடம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. தொழில்முறை ஆட்டக்காரர் என்ற தகுதியே இல்லை. அமெச்சூராக, அடிமட்டத்திலிருந்து ஆரம்பித்தார். 2025 உலகப் போட்டிக்குள் நுழையவே நான்கு தகுதிச் சுற்றுகள் ஜெயிக்க வேண்டியிருந்தது. ஜெயித்தார். க்ரூசிபிளில் ஐந்து ஆட்டங்கள். அரையிறுதியில் ஓ'சல்லிவனை 17-7. இறுதியில், மூன்று முறை சாம்பியனான 50 வயது மார்க் வில்லியம்ஸை 18-12. மே 5ஆம் தேதி, ஆசியாவிலிருந்து வந்த முதல் உலக சாம்பியன். அமெச்சூராக நுழைந்து அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் ஆளும் அவர்தான்.

அன்று இரவு நான் கை தட்டினேன். ரசிகர்களில் ஒரு சாரார் தட்டவில்லை. "கறை படிந்த கை" என்றார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு பைசா பந்தயம் கட்டாமல், தகுதிச் சுற்றிலேயே தோற்று, பஸ் சார்ஜ் கூடத் தேறாமல் வீடு திரும்பும் ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர். அவர்களை யார் பாடுகிறார்கள்? தப்பு செய்து திரும்பியவனுக்கு மாலை, தப்பே செய்யாதவனுக்கு ஒன்றுமில்லையா என்று கேட்டால், அந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது.

ஆனாலும் நான் கை தட்டியது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன். அவருக்கு ஒரு ஃப்ரேமும் இலவசமாகத் தரப்படவில்லை. தண்டனைக்கு ஆரம்பத் தேதி இருந்தது, முடிவுத் தேதி இருந்தது. முடிந்த பிறகும் வரிசையின் கடைசியில்தான் நிற்க வைத்தார்கள். ஒன்பது பேரை ஜெயித்து மேலே வந்தார். நேர்மையாக ஆடியவனுக்கு நாம் செய்ய வேண்டிய நியாயம், தப்பு செய்தவனைக் குறுக்கு வழியில் உள்ளே விடாமல் இருப்பது. அது அங்கே நடந்தது. வரிசையில் நின்று வந்தவனையும் உள்ளே விடமாட்டேன் என்றால், 20 மாதம் என்று எழுதியது எதற்கு? ஆயுள் தடை என்றே எழுதியிருக்கலாமே. அப்படி எழுத வேண்டிய இரண்டு பேருக்கு எழுதியும் இருக்கிறார்கள். எல்லாக் குற்றமும் ஒரே எடை இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

நம் உறவில் ஒரு பையன். எனக்குத் தம்பி மகன் முறை. அவனிடம் கேட்டு, அவன் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். முத்து முத்தான கையெழுத்து, மனக்கணக்கில் கெட்டி. பத்தாவது படிக்கும்போதிருந்தே நம் வீட்டு விசேஷங்களில் மொய் எழுத அவனைத்தான் உட்கார வைப்போம். ஊர்ப்பெயரை விடாமல் எழுதுவான், பக்கத்துக்குப் பக்கம் கூட்டுத்தொகை போட்டுவிடுவான். நம் மாவட்டத்தில் மொய் நோட்டு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடகாடு, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்தே தனியாக வைக்கிறார்கள். அந்த நோட்டை ஒருவன் கையில் கொடுப்பது என்றால் ஊர் அவனை நம்புகிறது என்று அர்த்தம்.

அந்தப் பையன் ஆன்லைன் ரம்மியில் விழுந்தான். நாலரை லட்சம் போனது. உறவில் பலரிடம் பொய் சொல்லிக் கடன் வாங்கியிருந்தான். விஷயம் வெளியே வந்ததும், ஒன்றையும் மறைக்காமல் ஒரு நோட்டில் பட்டியல் எழுதிக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தான். பைக்கை விற்றான். கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் மூன்று வருடம் வேலை பார்த்தான். பட்டியலில் இருந்த ஒவ்வொரு பெயரையும் கோடு போட்டு அடித்துத் தீர்த்தான். அந்த நோட்டை நானே பார்த்தேன். இன்று அவனுக்கு யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி இல்லை.

போன தை மாதம் ஒரு காதுகுத்து. பழைய ஞாபகத்தில் மொய் பெஞ்சு பக்கம் போய் நின்றான். அங்கிருந்த ஒரு பெரியவர் மெதுவாக, சிரித்துக்கொண்டே, "நீ போய் பந்தியப் பாருப்பா" என்றார். அவ்வளவுதான். யாரும் சத்தம் போடவில்லை, யாரும் திட்டவில்லை. பையன் போய்ச் சாம்பார் வாளியைத் தூக்கினான். பந்தி முடியும்வரை நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சொன்னவர் யார் என்பது இங்கே வேண்டாம். அவர் கெட்டவரும் இல்லை. நம்மில் பலர் அதையேதான் சொல்லியிருப்போம். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அவனுக்கு நாம் போட்ட தண்டனை எத்தனை மாதம்? என்றைக்கு முடிகிறது? எழுதி வைத்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கடன் வாங்கினால் மொய் நோட்டில்கூட எழுதி, திருப்பிச் செய்ததும் கணக்கை முடிக்கிற ஊர் இது. ஒருவன் செய்த தப்புக்கு மட்டும் நாம் கணக்கை முடிப்பதே இல்லை. முடிவுத் தேதி இல்லாத தண்டனையில் ஒரு ஆபத்து இருக்கிறது. எவ்வளவு கட்டினாலும் பாக்கி குறையாது என்று தெரிந்தவன் ஏன் கட்ட வேண்டும்? 34 வருடம் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். "இவன் எப்பவும் இப்படித்தான்" என்று பெயர் வாங்கிய பையன், அந்தப் பெயருக்குத் தகுந்த மாதிரி நடக்கத் தொடங்கிவிடுவான். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025இல் நாடாளுமன்றத்தில் தடைச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் செயலியை மூடலாம். அதில் விழுந்து எழுந்து வந்தவனைப் பக்கத்தில் உட்கார வைப்பது சட்டத்தின் வேலை இல்லை. அது நம் வேலை.

"பணம் புழங்கும் இடத்தில் அவனை உட்கார வைத்து, மறுபடி ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கும் ஸ்னூக்கர்க்காரர்கள் வழி காட்டியிருக்கிறார்கள். வந்த அன்றே சாம்பியன் நாற்காலியைத் தரவில்லை. தகுதிச் சுற்று வைத்தார்கள்.

நம்மிடமும் அதற்கு இடம் இருக்கிறது. மொய் பெஞ்சில் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் பணத்தை வாங்கிப் பையில் போடுவார், ஒருவர் எழுதுவார். அவன் எழுதட்டும். பணப்பை வேறொருவர் மடியில் இருக்கட்டும். இரண்டு விசேஷம், மூன்று விசேஷம் அப்படிப் போகட்டும். நோட்டும் பணமும் சரியாக இருந்தால் அடுத்த வருடம் பையும் அவன் கைக்கு வரட்டும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது என்று யாரும் சொல்ல முடியாது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, படிப்படியாக நம்புவது.

எல்லாருக்கும் இதையே செய்யச் சொல்லவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து இழுத்து விட்டவன், கேட்டால் இல்லை என்று சாதிப்பவன், வாங்கிய கடனை மறந்தவன், இவர்கள் கணக்கு வேறு. தானே எழுந்து "ஃபவுல்" என்று சொன்னவனையும், நடுவர் கண்ணில் மண்ணைத் தூவியவனையும் ஒரே தராசில் வைத்தால், அடுத்த முறை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

வருகிற ஆவணியில் எங்கள் வீட்டில் பேத்திக்கு விசேஷம். பத்திரிகை எல்லாருக்கும் வந்து சேரும். மொய் பெஞ்சில் எழுதப் போவது அந்தப் பையன்தான். பக்கத்தில் பையோடு உட்காரப் போவது நான். இதை முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும்படி சொல்லிவிட்டேன். வருத்தம் உள்ளவர்கள் எனக்குப் போன் போடுங்கள், பேசுவோம். அவனிடம் யாரும் ஒன்றும் கேட்க வேண்டாம். உங்கள் பெயரையும் ஊரையும் தெளிவாகச் சொல்லுங்கள், அவன் எழுதிக்கொள்வான்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்
கீரனூர்